இரவு ஏழே காலுக்கு ஆரம்பித்த தேர்தல்

போன மாதம் சிநேகிதியின் மகள் போன் செய்தாள். குடியுரிமை வாங்கிய கையோடு கட்சி வேலையில் இறங்கிவிட்டாள். பிரிசிங்ட் கூட்டம், டெலிகேட், மாநாடு என்று ஏதேதோ மெயில் வருகிறதாம். "ஆன்ட்டி, நீங்க 2008ல இதுக்கெல்லாம் போனீங்கன்னு அம்மா சொன்னாங்க. ஒரு ரெண்டு மணி நேரம் ஆகுமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரெண்டு மணி நேரமா! என் கணக்கில் அது நாலு மாதம், மூன்று நாள் லீவு, ஆயிரத்துச் சொச்சம் டாலர். போனில் அவளிடம் சொன்னது பாதிதான். மீதியை இங்கே எழுதிவைக்கிறேன். அன்றைக்கு என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்ல ஒரு ஆள் இல்லை.

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். நான் குடியுரிமைப் பிரமாணம் எடுத்தது 2007ல். தேர்தல் எனக்குப் புதிதில்லை என்ற நினைப்பு எனக்கு. அப்பா கோவில்பட்டியில் முப்பது வருடம் கட்சிக்காரர், ஒவ்வொரு தேர்தலுக்கும் பூத் ஏஜெண்ட். பள்ளிக்கூட நாட்களில் பூத் சிலிப் எழுதி எழுதியே என் கையெழுத்து திருந்தியது. அந்தத் திமிரில்தான் இங்கே கால் வைத்தேன். அந்த வருடம் பிப்ரவரி 5 அன்று ஒரே நாளில் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் வாக்கெடுப்பு நடந்தும் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டனா, ஒபாமாவா என்று முடிவாகவில்லை. அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க ஒபாமாவுக்கே வெற்றி. மார்ச் 4 அன்று டெக்சாஸிலும் ஒஹையோவிலும் ஹிலாரி ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலை. பொதுவாக எங்கள் முறை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பார்கள். அந்த வருடம் மொத்தக் கூட்டமும் எங்கள் ஊரில் வந்து இறங்கியது. என் கணவர் ஒபாமா பக்கம், நான் ஹிலாரி பக்கம். பதினைந்து வருடம் மீட்டிங் அறைகளில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து வந்தவளுக்கு அதற்குக் காரணம் தேடவேண்டியிருக்கவில்லை. இரண்டு வாரம் வீட்டில் சாம்பார் பரிமாறும்போதுகூட விவாதம்தான்.

முதல் நஷ்டம் போனில் வந்தது. தொண்டர்களுக்கு ஒரு பட்டியலைக் கொடுத்து வாக்காளர்களைக் கூப்பிடச் சொல்வார்கள். கூப்பிடுவது நம் சொந்த செல்போனில். அப்போதெல்லாம் மாதத்துக்கு இத்தனை நிமிடம் என்றுதான் பிளான். இரவு ஒன்பதுக்கு மேல் இலவசம். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் எந்த மனிதர் ஓட்டுப் போடுவார்? நான் மாலை ஐந்து முதல் எட்டு வரை உற்சாகமாகக் கூப்பிட்டுத் தள்ளினேன். மார்ச் கடைசியில் பில் வந்தது. வழக்கமான தொகைக்கு மேல் 187 டாலர். இன்றைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அதன் தம்பி இருக்கிறது: உங்கள் சொந்த எண் நூற்றுக்கணக்கான முன்பின் தெரியாதவர்களின் கையில் போய்ச் சேரும். ஒருவர் ஜூன் மாதம் வரைக்கும் எனக்குப் போன் செய்து திட்டிக்கொண்டிருந்தார். பிரசாரத்துக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வீடாகப் போன கதை வேறு. வார நாளில் மதியம் இரண்டு மணிக்குப் போனால் நாய்தான் இருக்கும் என்று தெரிய எனக்கு ஒரு முழு நாள் ஆனது. மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும் வரைதான் நல்ல நேரம். சனிக்கிழமை காலை பத்துக்கு மேல். பட்டியலில் இருப்பவர்கள் வாக்காளர்கள். நானோ பட்டியலில் இல்லாத நம் ஊர்க்காரர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினேன். பாதிப் பேர் எச்1பி வேலை விசா, கால்வாசி கிரீன் கார்டு. காபி கொடுத்தார்கள், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசினார்கள், ஓட்டு மட்டும் இல்லை. ஒரு வீட்டில் கணவன் மனைவி இருவரும் குடிமக்கள், ஆனால் வாக்காளராகப் பதிவு செய்திருக்கவில்லை. டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிவு செய்திருக்கவேண்டும். பிப்ரவரி 4 தாண்டிவிட்டது. அந்தம்மாவின் முகம் விழுந்துபோனது. எனக்கும்தான். பணம் கொடுக்கிற விஷயத்திலும் கவனம் தேவை. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை கொடுக்கலாம், எச்1பியில் இருந்தால் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. இது தெரியாமல் ஆபீஸில் ஒரு பையனிடம் இருபது டாலர் வாங்கிவிட்டு, மறுநாள் அசடு வழியத் திருப்பிக் கொடுத்தேன். சம்பளம் இல்லாத தொண்டு வேலையை அவர்களும் செய்யலாம்.

சொந்தச் செலவில் 86 டாலருக்குத் துண்டுப் பிரசுரம் அடித்து, கோயில் அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தது என் அடுத்த புத்திசாலித்தனம். நிர்வாகி ஒருவர் ஓடிவந்து எடுத்தார். கோயில் மாதிரி வரிவிலக்குப் பெற்ற அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது என்பது சட்டம்; என்னால் அவர்களுக்குத்தான் வம்பு. அடித்த தாள்களில் முக்கால்வாசி கராஜிலேயே கிடந்து, பிறகு மகனுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் தாளானது.

முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி பிப்ரவரி 19 முதல் 29 வரை இருந்தது. சட்டையில் ஹிலாரி பேட்ஜைக் குத்திக்கொண்டு கம்பீரமாகப் போனேன். வாக்குச்சாவடியிலிருந்து 100 அடிக்குள் எந்தச் சின்னமும் கூடாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நம் ஊரிலும் இந்த மாதிரி விதி உண்டு, எனக்குத் தெரியாததும் இல்லை. உற்சாகத்தில் மறந்திருக்கிறேன். பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஓட்டுப் போட்டேன். வாக்காளர் அட்டையில் கட்சியின் பெயரை முத்திரை குத்திக் கொடுத்தார்கள். டெக்சாஸில் கட்சி வாரியாக வாக்காளர் பதிவு கிடையாது. எந்தக் கட்சியின் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஓட்டுப் போடுகிறோமோ அந்த வருடத்துக்கு அந்தக் கட்சி. அட்டையை வழக்கம்போல் மேஜை டிராயரில் போட்டேன். அந்தச் சின்ன முத்திரையின் மதிப்பு அப்போது எனக்குத் தெரியாது.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. ஓட்டுப் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அன்றைய டெக்சாஸில் அது பாதி வேலை. டெலிகேட் என்றால் கட்சி மாநாட்டில் ஒரு வேட்பாளர் பக்கம் நிற்கும் பிரதிநிதி. வேட்பாளரை முடிவு செய்யும் தேசிய மாநாட்டுக்கு எங்கள் மாநிலத்துக்கு மொத்தம் 228 டெலிகேட்டுகள். அதில் வேட்பாளர்களின் பலத்துக்கு ஏற்பப் பிரித்துக் கொடுக்கப்பட்டவர்கள் 193. அந்த 193லும் ஓட்டை வைத்து முடிவானது 126தான். மிச்சம் 67 பேரை, ஓட்டுப் பதிவு முடிந்த அன்றிரவு அதே இடத்தில் கூடும் கூட்டத்தில் ஆரம்பித்து, மாவட்ட மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாக முடிவு செய்வார்கள். இரண்டடி நடனம் என்று கேலியாகச் சொல்வார்கள். ஓட்டுப் போட்டவர் மட்டும்தான் இரவுக் கூட்டத்துக்கும் வரலாம். ஆக ஒருவரே இரண்டு முறை எண்ணப்படுவார், வந்தால். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த 126ஐயும் மாநில செனட் மாவட்டங்களுக்கு, அதாவது தொகுதிகளுக்கு, பிரித்தபோது, முந்தைய தேர்தல்களில் எங்கே கட்சிக்கு அதிக ஓட்டு விழுந்ததோ அங்கே அதிகம் கொடுத்தார்கள். ஆஸ்டினின் ஒரு மாவட்டத்துக்கு 8. ஹிலாரிக்கு பலமாக இருந்த எல்லையோர மாவட்டங்கள் சிலவற்றுக்கு 3, 4. எங்கே எவ்வளவு ஓட்டு என்பதைவிட, எந்த ஓட்டுக்கு எவ்வளவு எடை என்று முதலில் கேட்கவேண்டும். இதையெல்லாம் விளக்க ஒரு மாலை பயிற்சி வைத்தார்கள். மகனுக்குக் கணக்குப் பரீட்சை என்று நான் போகவில்லை. வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. முந்தைய நாளும் அன்றும் லீவு. கூட்டம் ஏழே காலுக்கு, அல்லது கடைசி வாக்காளர் ஓட்டுப் போட்டு முடித்த பிறகு. எங்கள் பிரிசிங்ட், அதாவது நம் ஊர் வார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஆரம்பப் பள்ளியில் இருந்தது. ஓட்டுக்கான வரிசையே எட்டு இருபது வரை நீண்டது. சிற்றுண்டிக் கூடத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கான பெஞ்சுகளில் இருநூற்றுச் சொச்சம் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தோம். வழக்கமாக இருபது பேர் வருவார்களாம். முத்திரை குத்திய அட்டையைக் கேட்டார்கள். முன்கூட்டியே ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். பட்டியலில் பெயரைத் தேடிச் சரிபார்க்க ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பத்து மணிக்கு வேலைக்குப் போகவேண்டிய ஒரு நர்ஸ் என்று எங்கள் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் பிரிசிங்டில் தலைவர் பதவி காலி. கூட்டத்துக்கான உறையை, அதில் கையெழுத்துத் தாள்களும் படிவங்களும் இருக்கும், யாராவது வாங்கிக் கூட்டத்தைத் தொடங்கவேண்டும். யார் என்று எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் எழுந்து வாங்கிக்கொண்டார். கறுப்பின அம்மா, எழுபது வயது இருக்கும், ஒபாமா பக்கம். அவர் பையிலிருந்து எடுத்தவை: பத்து பேனா, கால்குலேட்டர், டேப், ஒரு டார்ச் லைட், விதிமுறையின் அச்சுப் பிரதி. என் பையில் ஹிலாரி பேட்ஜும் ஒரு மஃபினும். அவர் எந்தக் கோல்மாலும் செய்யவில்லை. ஆனால் விதி தெரிந்த ஆள் அந்தப் பக்கம் இருந்தார், எங்கள் பக்கம் இல்லை.

கையெழுத்துத் தாளில் பெயர், முகவரி, வாக்காளர் எண், கடைசியில் எந்த வேட்பாளர் என்று ஒரு கட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம், உங்கள் தலை எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். ஆனால் அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பியிருக்கவேண்டும். எண்ணும்போது ஒன்பது வரிகளில் அது காலி. ஒன்பது பேரையும் எனக்குத் தெரியும். அத்தனை பேரும் எங்கள் ஆட்கள். இரண்டு பேர் என்னோடு காரில் வந்தவர்கள், பேபிசிட்டர் காத்திருக்கிறாள் என்று வேறொருவர் காரில் அவசரமாகப் போயிருந்தார்கள். காலி வரிகள் எங்கள் கணக்கில் சேரவில்லை. கணக்கைச் சொல்கிறேன். முந்தைய கவர்னர் தேர்தலில் கட்சிக்கு விழுந்த 15 ஓட்டுக்கு ஒரு டெலிகேட் என்ற விகிதத்தில் மாவட்ட மாநாட்டுக்குப் போக எங்கள் பிரிசிங்டுக்கு 21 பேர். ஒபாமாவுக்கு 148 கையெழுத்து, எங்களுக்கு 79. வகுத்தால் அவர்களுக்கு 14, எங்களுக்கு 7. அந்த ஒன்பதும் சேர்ந்து 88 ஆகியிருந்தால் 13, 8. ஒரு நிமிடம் வரிசையின் கடைசியில் நின்று, "அந்தக் கட்டத்தை நிரப்பினீங்களா?" என்று கேட்க ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். நான் அப்போது மேடைக்குப் பக்கத்தில் நின்று யாரோடோ ஹிலாரியின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விவாதித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இரண்டு பக்கமும் தனித்தனி மூலைக்குப் போய் டெலிகேட்டுகளைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மணி பத்தரை. எங்கள் மூலையில் மிச்சம் இருந்தது பதினொரு பேர். ஏழு டெலிகேட், நாலு மாற்று டெலிகேட். போட்டியே இல்லை, இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்று ஆனோம். என் அரசியல் வாழ்க்கை அப்படித் தொடங்கியது. நள்ளிரவில் வீட்டுக்குள் நுழைந்தால் டீவியில் ஹிலாரி டெக்சாஸில் ஜெயித்துவிட்டார் என்கிறார்கள். கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜெயிச்சதுக்கா இந்த மூஞ்சி?" என்றார். ஓட்டில் 51க்கு 47 என்று ஜெயித்த மாநிலத்தில், கடைசியில் எல்லாப் படியும் ஏறி முடிந்தபோது ஒபாமாவுக்கு 99 டெலிகேட், எங்களுக்கு 94.

தூக்கம் வரவில்லை. கோவில்பட்டியில் பகல், அப்பாவுக்குப் போன் செய்தேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஏம்மா, எண்ணி முடிச்ச தாளுல ஒரு காப்பியாவது வாங்கிட்டு வந்தியா?" இல்லை என்றேன். "முப்பது வருசமா நான் என்ன செய்யுறேன்னு பாத்துட்டுத்தான இருந்த?" என்றார். பூத்தை மூடும்போது விழுந்த ஓட்டின் எண்ணிக்கையை எழுதிய படிவத்தைக் கையில் வாங்காமல் அவர் இடத்தைவிட்டு நகரமாட்டார். பசித்தாலும் சரி, மழை பெய்தாலும் சரி. மறுநாள் மாலை அந்த ஆசிரியை அம்மா வீட்டுக்கே போய்க் கேட்டேன். எல்லாத் தாளையும் இரண்டு பிரதி எடுத்து வைத்திருந்தார். ஒன்றை எனக்குக் கொடுத்தார். அது பிறகு எப்படி உதவியது என்பதுதான் அடுத்த கதை.

மார்ச் 29, சனிக்கிழமை, செனட் மாவட்ட மாநாடு. எந்த மாவட்டம் என்று சொல்லப்போவதில்லை. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம், யார் நடத்தியிருந்தாலும் திணறித்தான் போயிருப்பார்கள். காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். இரண்டரை மணி நேர வரிசைக்குப் பிறகு என் பெயர் பட்டியலில் இல்லை என்றார்கள். நம் பெயர்களின் சாபம்: வாக்காளர் அட்டையில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தது; கூட்டத்து இரவில் தூக்கக் கலக்கத்தில் நான் கணவர் பெயரைச் சேர்த்து எழுதியிருந்தேன். அந்தப் பிரதித் தாளைக் காட்டி, முகவரியையும் எண்ணையும் ஒப்பிட்டு உள்ளே போவதற்குள் மதியம். வாக்காளர் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல் எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். சாப்பாட்டையும் கொண்டுபோங்கள். அங்கே விற்றது ஹாட் டாக்; சைவக்காரிக்கு ஒரு வாழைப்பழம்தான் கிடைத்தது. மாநாடு முறைப்படி தொடங்கியது பிற்பகல் மூன்று மணிக்கு. யார் டெலிகேட், யார் இல்லை என்ற ஆட்சேபணைகளே இருட்டும் வரை ஓடின. மாநில டெலிகேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இரவு ஒன்பதரை. எங்கள் பிரிசிங்டையும் பக்கத்து இரண்டையும் சேர்த்து எங்கள் பக்கத்தில் தங்கியிருந்தவர்கள் பதினொரு பேர். ஆறுக்கு ஐந்து என்ற கணக்கில் நான் தேர்வானேன். எனக்கு எதிராகப் போட்டியிட்டவரின் ஆதரவாளர்கள் இரண்டு பேர் எட்டு மணிக்கே கிளம்பியிருந்தார்கள். பெருமைப்பட ஒன்றும் இல்லை, ஆனால் காரில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். களைப்பா, சந்தோஷமா, எனக்கே தெரியவில்லை.

மாநில மாநாடு ஜூனில், ஆஸ்டினில். டெலிகேட் என்றால் செலவைக் கட்சி பார்த்துக்கொள்ளும் என்று ஊரில் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். எல்லாம் நம் கைக்காசுதான். குறைவாகக் கிடைக்கிறதே என்று ஏப்ரலிலேயே ரத்து செய்ய முடியாத அறையை இரண்டு இரவுக்கு 264 டாலருக்குப் பிடித்தேன். ஜூன் 3 அன்று ஒபாமா, வேட்பாளர் ஆகத் தேவையான டெலிகேட் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார். "இன்னும் போகத்தான் வேணுமா?" என்றார் கணவர். அறைக்குக் கட்டிய பணம் திரும்பாது என்பது வெளியே சொன்ன காரணம். பெட்ரோல் காலன் நாலு டாலரை நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, வியாழன் இரவே கிளம்பினேன். போன் பில், பிரசுரம், நன்கொடை 250, நாலு மாதப் பெட்ரோல் 140, அறை, ஆஸ்டினில் சாப்பாடும் பார்க்கிங்கும் 95 என்று கூட்டினால் 1022 டாலர். சிநேகிதியின் மகளிடம் சொன்னேன்: போவதாக இருந்தால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார், இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து தங்கு. டெக்சாஸில் 2016 முதல் அந்த இரண்டடி நடனம் இல்லை, டெலிகேட் எண்ணிக்கை ஓட்டை வைத்துத்தான். ஆனாலும் மாநாடுகளும், அதற்குப் போகும் ஆட்களைப் பிடிக்கும் வேலையும் அப்படியேதான் இருக்கின்றன.

ஆஸ்டினில் ஹிலாரி பெயருக்கு எதிரேதான் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை அந்தக் கட்டத்தை இரண்டு தடவை பார்த்தேன். அந்த 67ஐ 38, 29 என்று பிரித்தது இந்தக் கையெழுத்துகள்தான். சனிக்கிழமை, ஜூன் 7. காலையில் ஹோட்டல் வரவேற்பறையில் டீவிக்கு முன்னால் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். வாஷிங்டனில் ஹிலாரி பிரசாரத்தை நிறுத்திக்கொள்வதாகப் பேசிக்கொண்டிருந்தார். பெண்களை மேலே ஏறவிடாத அந்தக் கண்ணாடிக் கூரையில், தனக்கு விழுந்த ஓட்டுக்கு ஒன்றாக, 1 கோடியே 80 லட்சம் விரிசல்கள் என்றபோது பக்கத்தில் நின்ற ஒரு கிழவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஒரு காபி வந்து சேர்ந்தது. திரும்பினால் எங்கள் பிரிசிங்டின் ஆசிரியை அம்மா. பேச்சு முடியும் வரை எதுவும் சொல்லாமல் நின்றார். பிறகு, "நவம்பர் தேர்தலுக்கு எத்தனை நாள் லீவு மிச்சம் வச்சிருக்கே?" என்றார். நாலு என்றேன். பையைத் திறந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். நவம்பர் தொண்டர் பட்டியல். முதல் வரியில் அவர் பெயர். இரண்டாவது வரியில் என் பெயரை, வாக்காளர் அட்டையில் இருக்கிற மாதிரியே எழுதினேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார்.